இரும்புச்சத்து மாத்திரையும் அரை மூடி எலுமிச்சையும்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஹீமோகுளோபின் 8.6தான். தினமும் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவே இல்லை. எங்கள் ஊர் செவிலியர் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை எதோட போடுற?" காலை டீயோடு என்றேன். "அதான் ஏறல. டீ குடிச்சா சத்து உடம்புல சரியா சேராதும்மா. மத்தியானம் எலுமிச்சைச் சாறோட போடு. டீயைத் தள்ளி வச்சுக் குடி. கீரை, பயறு எது சாப்பிட்டாலும் அரை மூடி பிழிஞ்சுக்கோ."

இரண்டு மாதத்தில் 10.4 வந்தது. மாத்திரைதான் முக்கியம், எலுமிச்சை மட்டும் ரத்தத்தை ஏற்றிவிடாது. ஆனால் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் ஒட்டாது. வைட்டமின் சி அதைக் குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. டீயின் துவர்ப்பு அதைத் தடுக்கிறது.

100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி 30 முதல் 40 மில்லிகிராம்தான். கொய்யாவில் 200ஐத் தாண்டும். இருந்தாலும் கீரை மசியலோடும் சுண்டலோடும் ஒரே கவளமாக உள்ளே போவது எலுமிச்சைதானே, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அம்மா எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு விடுவார், கொதித்தால் கசக்கும் என்பார். சூட்டில் வைட்டமின் சியும் அழியும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

*

சகோதரி, உங்கள் எலுமிச்சை அனுபவத்தைப் படித்தேன். எனக்குச் சிறுநீரகத்தில் கால்சியம் கல். நிறையத் தண்ணீரோடு, சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறும் குடிக்கச் சொன்னார் டாக்டர். அதிலுள்ள சிட்ரேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் புதுக் கல் உருவாவது குறையுமாம். நான் கைநிறைய உப்புப் போட்டுக் குடிப்பவன். அதை நிறுத்தச் சொன்னார், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும் என்றார். இருந்த கல் சாற்றால் கரையவில்லை, அதற்குத் தனியாகச் சிகிச்சை எடுத்தேன். நான்கு வருடமாகப் புதிதாக எதுவும் வரவில்லை.

*

உங்கள் இருவருக்கும் எலுமிச்சை உதவியது, என் அனுபவம் வேறு மாதிரி. தினமும் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே பல் துலக்குவேன். ஒரு வருடத்தில் ஐஸ் தண்ணீர் பட்டாலே பல் கூசியது. புளிப்பில் பல்லின் மேல் உறையான எனாமல் இளகியிருக்கும்போது பிரஷ் போட்டால் தேய்ந்துவிடும் என்று பல் மருத்துவர் விளக்கினார். இப்போது பல் துலக்கியபிறகுதான் குடிக்கிறேன், குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறேன். கூச்சம் பாதியாகக் குறைந்திருக்கிறது.