வீட்டு சர்வர்: சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

தாம்பரம்

டெல் பவர்எட்ஜ் ஆர்720 ஒன்று ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது, வீட்டு சர்வருக்கு (போட்டோ, படம் எல்லாம் வைத்து இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர்) எடுக்கலாமா என்று எங்கள் அலுவலகத்துத் தம்பி கேட்டான். 2012இல் வந்த மாடல். இரண்டு இன்டெல் சியான் சிப், 24 ரேம் ஸ்லாட். அந்த விலைக்கு அவ்வளவு பெரிய மெஷின் என்றால் யாருக்கும் கை ஊறத்தான் செய்யும். நான் அவன் வீட்டு ஈபி பில்லைக் கேட்டேன்.

ஒரு வாட் இடைவிடாமல் 60 நாள் ஓடினால் 1.44 யூனிட். இந்த மாதிரி இரண்டு சிப் ரேக் சர்வர் ஒரு வேலையும் செய்யாமல் நின்றாலே 100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 120 என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 173 யூனிட். அவன் வீட்டில் ஏற்கெனவே 420 ஓடுகிறது, சேர்த்தால் 593. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறுவதில்லை, 101 முதல் 200 வரைக்கும் இருந்த சலுகை விலையும் போய்விடுகிறது. 2022 செப்டம்பர் கட்டணத்தில் போட்டுப் பார்த்தாலே 1,245 ரூபாய் பில் 2,694 ஆகிறது. அதற்கப்புறம் கட்டணம் ஏறித்தான் இருக்கிறது. வருஷத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். அந்தக் காசுக்குப் பழைய மினி பிசி ஒன்றே வாங்கிவிடலாம். ரேக் சர்வர் விசிறிச் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியாது என்பது தனிக்கதை.

என்னிடம் ஓடுவது ஐ5-6500டி போட்ட லெனோவோ டைனி, ஆபீஸ்களில் கழித்துப் போட்டது. ஒரு எஸ்எஸ்டியோடு சும்மா இருக்கும்போது பத்து வாட் பக்கம். உங்கள் வீட்டில் எது ஓடுகிறது, சுவர் பிளக்கில் அளந்தால் எவ்வளவு என்று சொல்லுங்கள். சிப் கம்பெனி போடும் டிடிபி வாட் எண்ணை யாரும் எழுத வேண்டாம்.

கோவை

டிடிபி வேண்டாம் என்று சொன்னீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. கடைக்காரர் முதல் யூடியூப்காரர் வரை எல்லோரும் அதைத்தான் கரண்ட் கணக்கு மாதிரி சொல்கிறார்கள். 35 வாட் சிப், 65 வாட் சிப் என்பதெல்லாம் முழு மூச்சில் வேலை செய்யும்போது வெளியேற்ற வேண்டிய சூட்டின் கணக்கு. வீட்டு சர்வர் நாளில் முக்கால்வாசி நேரம் சும்மாதான் கிடக்கும். சும்மா கிடக்கும்போது ஐ5-8500ம் ஐ5-8500டியும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இழுக்கும். 'டி' என்ற ஓர் எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பது டெஸ்க்டாப் கேபினட்டில் வீண். சின்னப் பெட்டியில் சூடு அடங்க வேண்டும் என்றால் மட்டும் அதற்கு அர்த்தம் உண்டு.

நான் மெட்டீரியல் சேர்த்து சொந்தமாக அசெம்பிள் செய்தவன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டி அளந்ததில், சிப்பை விட மற்றவைதான் அதிகம் தின்கின்றன.

முதல் ஆள் பவர் சப்ளை. 80 பிளஸ் கோல்டு என்று பெட்டியில் ஒட்டியிருக்கும். அந்தச் சான்றிதழுக்கான சோதனை 20, 50, 100 சதவீத லோடில் நடப்பது. டைட்டானியம் மாதிரி உச்சத் தரத்துக்கு மட்டும் 10 சதவீதத்திலும் பார்ப்பார்கள். 650 வாட் சப்ளையில் 20 சதவீதம் என்றால் 130 வாட். நம் சர்வர் இழுப்பதோ 20 வாட், அதாவது மூன்று சதவீதம். அந்த இடத்தில் அது எவ்வளவு வீணாக்குகிறது என்று ஸ்டிக்கர் சொல்லாது. நாலு ஆள் வீட்டில் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றின கதைதான். மினி பிசிக்களின் அடாப்டர் 65, 90 வாட் என்று அளவாக இருப்பதாலேயே பாதி ஜெயித்துவிடுகின்றன.

அடுத்தது ஹார்டு டிஸ்க். 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சும்மா சுழன்றுகொண்டிருந்தாலே 4 முதல் 6 வாட். பழைய 1 டிபி டிஸ்க் நாலு கையில் இருக்கிறதே என்று நாலையும் போட்டால் இருபது வாட், சிப்பும் போர்டும் சேர்ந்து இழுப்பதை விட அதிகம். ஒரே பெரிய டிஸ்க், பேக்கப்புக்கு இன்னொன்றை எப்போதாவது மாட்டுவது என்று மாற்றிக்கொண்டேன். சும்மா இருக்கும்போது டிஸ்க்கைத் தூங்க வைக்கலாம், தூங்கினால் ஒரு வாட்டுக்கும் கீழே. ஆனால் ஆப்களை ஓட்டும் டாக்கர், டேட்டாபேஸ், லாக் எல்லாம் அதே டிஸ்க்கில் இருந்தால் அது எங்கே தூங்கும்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து எழுந்து படுத்தால் அதுவே தேய்மானம். ஆப் எல்லாம் எஸ்எஸ்டியில், படமும் போட்டோவும் மட்டும் பெரிய டிஸ்க்கில் என்று பிரித்த பிறகுதான் இரவு முழுக்கத் தூங்குகிறது.

மூன்றாவது, கூடுதல் கார்டு. இதை யாரும் சொல்வதில்லை. நிறைய டிஸ்க் மாட்டுவதற்கான எல்எஸ்ஐ 9211 மாதிரி எச்பிஏ கார்டு தானே பத்து வாட் வரைக்கும் தின்னும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. மின்சாரச் சிக்கனத்துக்கான ஏஎஸ்பிஎம் வேலை செய்யாத கார்டு ஒன்று ஸ்லாட்டில் உட்கார்ந்தால், சிப் மொத்தமும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. லினக்ஸில் பவர்டாப் என்ற புரோகிராம் போட்டு 'பேக்கேஜ் சி-ஸ்டேட்', அதாவது சிப் எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்று பாருங்கள். சி8, சி10 என்று காட்டினால் நல்ல தூக்கம். சி2, சி3யிலேயே நின்றால் ஏதோ ஒன்று எழுப்பிக்கொண்டே இருக்கிறது. மலிவான சாட்டா கார்டு ஒன்றைக் கழற்றி எறிந்ததும் என் பெட்டி சி3யிலிருந்து சி8க்கு இறங்கியது, பிளக்கில் ஏழெட்டு வாட் குறைந்தது. பயாஸில் சி-ஸ்டேட், ஏஎஸ்பிஎம் இரண்டும் ஆஃப் ஆகவே வரும் போர்டுகளும் உண்டு, காசு செலவில்லாத மிச்சம் அது.

ஏஎம்டியின் ரைசன் சிப் வாங்க நினைப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். 3600, 5600எக்ஸ் மாதிரி துண்டு துண்டாகச் செய்த சிப்புகளில் மற்ற பாகங்களோடு பேசும் ஐஓ பகுதி சும்மா இருக்கும்போதும் விழித்தே இருக்கும். 5600ஜி மாதிரி ஒரே துண்டாக வரும் 'ஜி' வகை நன்றாகக் குறைக்கும்.

மதுரை

அண்ணே, என்னத்துக்கு இவ்வளவு? வீட்ல திரை உடைஞ்ச லேப்டாப் கிடந்தா அதையே போடுங்க. திரை அணைஞ்சா எட்டு வாட்டுக்குள்ள நிக்குது, கரண்ட் போனா பேட்டரியும் இருக்கு, கீபோர்டும் கூடவே. எனக்கு காசே செலவாகல.

ஒண்ணு மட்டும், வருஷம் முழுக்க நூறு சதவீத சார்ஜ்ல பிளக்லயே விட்றாதீங்க. பேட்டரி உப்பிக்கும். 60, 80ல நிறுத்துற வசதி நிறைய மாடல்ல இருக்கு, பயாஸ்லயோ லினக்ஸ்லயோ பாத்து வச்சுக்கங்க. இல்லேன்னா பேட்டரியக் கழட்டிடுங்க. பரண்ல ஏத்தி வைக்கிற வேலையும் வேணாம், சித்திரை வெயில்ல அங்க கைய வைக்க முடியாது.

ஸ்டுட்கார்ட்

நான் ராசிபுரத்துக்காரன், இங்கே வேலை. ஊர்க் கணக்கும் இங்கத்துக் கணக்கும் எப்படி மாறுகிறது என்று சொல்கிறேன்.

என் ஒப்பந்தத்தில் யூனிட் 34 சென்ட். ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட், சுமார் 3 யூரோ. அதனால் இங்கே ஜெர்மன் நண்பர்களுக்குள் ஒரு வாட், அரை வாட்டுக்கெல்லாம் பேச்சு ஓடும். புஜித்சு தன் ஆக்ஸ்பர்க் ஆலையில் செய்த போர்டுகளுக்கு இன்னும் தேடல் இருக்கிறது, சும்மா இருக்கும்போது அவ்வளவு குறைவாக இழுக்கும். அந்த ஆலையே 2020இல் மூடியாகிவிட்டது.

45 வாட் இழுத்த பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிவிட்டு, என்100 போட்ட சின்னப் பெட்டி வாங்கினேன். 2023 தொடக்கத்தில் இன்டெல் கொண்டுவந்த சிப், நாலு கோர், டிடிபி 6 வாட். (எழுத வேண்டாம் என்றீர்கள், தெரிந்தே எழுதினேன்.) பிளக்கில் ஒன்பது, பத்து வாட் நிற்கிறது. 35 வாட் மிச்சம், வருடத்துக்கு நூறு யூரோவுக்கு மேல். பெட்டி விலை இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

இதையே அப்பா வீட்டில் செய்யலாமா என்று பார்த்தேன். 35 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். அவர்கள் 300 யூனிட் தாண்டுவதே இல்லை, அந்த இடத்தில் யூனிட் ஐந்து ரூபாய்க்கும் கீழே. பில்லுக்கு இருநூற்று ஐம்பது ரூபாய்கூட மிச்சமில்லை. பதினைந்தாயிரம் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்கினால் போட்ட காசு திரும்பப் பத்து வருடம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம். அங்கே பழைய டெஸ்க்டாப்பே ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். ஏசி ஓடி ஐந்நூறைத் தாண்டும் வீடு என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

பெங்களூரு

ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் பற்றி ஒருவரும் பேசவில்லையே, ஆச்சரியம்தான். மூன்று வருடமாக பை 4இல் பை-ஹோலும் (விளம்பரம் தடுப்பது) ஹோம் அசிஸ்டன்ட்டும் (வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை இயக்குவது) ஓட்டுகிறேன், மூன்று, நாலு வாட். அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. எஸ்டி கார்டில் லாக் எழுதவிட்டால் கார்டு சீக்கிரம் போய்விடும், யூஎஸ்பி எஸ்எஸ்டியில் பூட் செய்யுங்கள்.

ஆனால் அம்மா, தங்கை எல்லோருடைய போட்டோவும் கூகுளில் இருந்து வீட்டுக்கு வர வேண்டும் என்று இம்மிச் என்ற போட்டோ ஆப் போட ஆசைப்பட்டபோது பை 5ஐக் கணக்குப் போட்டேன். போர்டு, 27 வாட் சப்ளை, கேஸ், கூலர், எஸ்எஸ்டி மாட்ட ஹேட் என்ற துணைப் பலகை, எஸ்எஸ்டி. கூட்டிப் பார்த்தால் இங்கே எஸ்பி ரோட்டுக் கடைகளில் ஐ5-8500டி மினி ஒன்றின் விலை. அது ஆறு கோர், ரேமை மாற்றலாம். ஐந்தாறு வாட் கூட இழுத்தாலும் பரவாயில்லை என்று அதைத்தான் எடுத்தேன். முகம் அடையாளம் காணும் வேலையில் முதல் சில நாள் விசிறி கத்தியது, பிறகு சாது.

வீட்டு சர்வரிலிருந்து படம் பார்க்க ஜெல்லிஃபின் ஆப் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டெலின் குயிக் சிங்க் வசதி இருந்தால் படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையை கிராபிக்ஸ் பகுதி பார்த்துக்கொள்ளும், சிப் வியர்க்காது. ஆனால் தலைமுறை முக்கியம். ஆறாம் தலைமுறை இன்டெல் சிப், 4கே படங்களில் வரும் 10 பிட் ஹெச்இவிசி வீடியோ வடிவத்தை ஹார்டுவேரில் பிரிக்காது, ஏழிலிருந்துதான். ஏவி1 என்ற புது வீடியோ வடிவம் வேண்டுமென்றால் 8500டியும் கைவிரித்துவிடும், என்100 செய்யும். தாம்பரம் அண்ணா, உங்கள் 6500டியில் 4கே படம் திக்கினால் காரணம் அதுதான்.

இப்போது வாங்குபவர்களுக்கு நேரம் நல்லது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு நின்றுவிட்டது. ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதால் ஆபீஸ்கள் மொத்தமாகக் கழிக்கின்றன. நமக்கு லினக்ஸ் போதும்.

யாழ்ப்பாணம்

எல்லாரும் பில்லைப் பற்றித்தான் கதைக்கிறியள். எனக்கு வாட் குறைய வேணும் எண்டதுக்கு வேற காரணம். 2022 பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டின காலம். அப்பதான் யோசிச்சன், பெரிய மெசின் வைச்சிருந்தால் அதுக்கேத்த இன்வேட்டர், அதுக்கேத்த பற்றறி எண்டு செலவு இழுத்துக்கொண்டே போகும். பத்து வாட்டுக்குள்ள நிண்டால் சின்னப் பற்றறியே காணும்.

இன்வேட்டர் சும்மா ஓனில நிண்டாலே தனக்கெண்டு பத்து, பதினைஞ்சு வாட் எடுக்கும். பத்து வாட் சர்வருக்கு அதைப் பூட்டுறது நட்டம். பற்றறி டிசி, அதை ஏசி ஆக்கி, அடப்டர் திருப்பி டிசி ஆக்கிறது என்ன கணக்கு? அதால 12 வோல்ற்றில ஓடுற என்100 பெட்டியாப் பார்த்து எடுத்தன். லெனோவோ, டெல் சின்னப் பெட்டியள் 19, 20 வோல்ற், அவை இந்த வேலைக்குச் சரிவராது. 12 வோல்ற் லித்தியம் பெரோபொஸ்பேற் பற்றறி, நடுவில 12ஐ நிலையாக் குடுக்கிற ஒரு ரெகுலேற்றர், அதே லைனில றவுட்டரும். ரெகுலேற்றர் கட்டாயம் வேணும், சார்ஜ் ஏறேக்க பற்றறி 14 வோல்ற்றுக்கு மேல போகும், பெட்டி கருகிப்போடும். 12 வோல்ற், 50 ஆம்ப்-அவர் எண்டால் 600 வாட்-அவர், றவுட்டரும் சேர்த்து 18 வாட் போனாலும் ஒரு நாள் கடந்து நிக்கும்.

ஹாட் டிஸ்க் பெரிசு பூட்டேல்லை. சுத்தத் தொடங்கேக்க 20 வாட்டுக்கு மேல ஒரு இழுவை இழுக்கும், சின்ன ரெகுலேற்றர் தாங்காது. 2.5 இஞ்சி எஸ்எஸ்டிதான்.

தாம்பரம்

யாழ்ப்பாணத்துக்காரர் சொன்ன இன்வெர்ட்டர் கணக்கை நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் ஹால் இன்வெர்ட்டரில்தான் சர்வர் மாட்டியிருக்கிறது, ஃபேன் லைட்டுக்காக அது எப்படியும் ஓடும் என்பதால் மாற்றப் போவதில்லை. ஆனால் 'யுபிஎஸ் மோட்' சுவிட்சைப் போட்டுவிடுங்கள், சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீண்டு கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

பெங்களூரு தங்கைக்கு, 4கே படம் திக்கத்தான் செய்கிறது. டிவியே நேரடியாகப் பிரித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டேன், சர்வர் வெறுமனே ஃபைலை அனுப்பினால் போதும்.

கோவை சார், எதில் அளக்கிறீர்கள்? என் ஸ்மார்ட் பிளக் ஐந்து வாட்டுக்குக் கீழே பூஜ்யம் என்று காட்டுகிறது.

கோவை

ஸ்மார்ட் பிளக் பெரும்பாலும் அந்த அடிமட்டத்தில் நம்பத் தகாது. ஒரு நொடிக்கு ஒருமுறை காட்டும் எண்ணைப் பார்க்காதீர்கள், 24 மணி நேரம் விட்டு மொத்த யூனிட்டை ஆயிரத்தால் பெருக்கி 24ஆல் வகுங்கள், வாட் வந்துவிடும். இன்னொரு தந்திரம், அதே எக்ஸ்டென்ஷனில் ஒரு 40 வாட் குண்டு பல்பைச் சேர்த்து மாட்டி முதலில் பல்பை மட்டும் அளந்துகொண்டு, பிறகு சர்வரையும் சேர்த்து அளந்து கழித்துவிடுங்கள். மீட்டர் நன்றாக வேலை செய்யும் எல்லைக்குள் எண் வந்துவிடும். பிளக்கில் விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது) என்று ஒரு எண்ணும் காட்டும், சின்ன அடாப்டர்களில் அது வாட்டை விட நன்றாக அதிகமாக இருக்கும். பயப்பட வேண்டாம், வீட்டு மீட்டர் வாட்டுக்குத்தான் காசு கேட்கிறது. விஏ கணக்கு யுபிஎஸ் வாங்கும்போது மட்டும் பாருங்கள்.