ஒப்பீட்டுக் குவளையிலும் டாஃப்னியா இறக்கிறது: உதவி தேவை

பெங்களூரு கெங்கேரி அருகே விருஷபாவதி ஆற்றில் எடுத்த நீரை, டாஃப்னியா மேக்னா எனும் நீர்த்தெள்ளைக் கொண்டு 48 மணி நேர நச்சுத்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தி வருகிறேன். ஆற்றுநீரில் அவை சாவது எதிர்பார்த்ததே. ஆனால் மூன்று வாரமாக, ஆற்றுநீர் சேராத ஒப்பீட்டுக் குவளையிலும் இருபதில் ஆறேழு அசைவற்றுப் போகின்றன. பத்து விழுக்காட்டைத் தாண்டினால் சோதனையே செல்லாது.

பிறந்து 24 மணி நேரமாகாத குஞ்சுகளையே எடுக்கிறேன். வெப்பநிலை 20 டிகிரி, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராம். காவிரிக் குழாய்நீரை இரண்டு நாள் காற்றூட்டி வைத்தும், பிறகு ஆழ்துளைக் கிணற்று நீருக்கு மாறியும், தாய்களுக்கு ஈஸ்ட்டுக்குப் பதிலாகக் குளோரெல்லா எனும் நுண்பாசி கொடுத்தும் பலனில்லை. சூழல் மோசமாகும்போது உருவாகும் கரிய முட்டையுறைகள் தாய்களின் முதுகில் சேணம்போல் தென்படுகின்றன. வளர்ப்புத் தொட்டியே நலமிழந்துவிட்டதோ என்பது என் ஐயம்.

இந்த வளர்ப்பை முழுவதும் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா, அல்லது உப்புகள் சேர்த்துத் தயாரித்த வாலைவடிநீருக்கு மாற்றினால் இதுவே தேறுமா?