முதல் ஈஸ்டர் எக் (வீடியோ கேமுக்குள் புரோகிராமர் ஒளித்துவைக்கும் ரகசியம்) யாருடையது?

நாணயத்துளை:
"விளையாட்டுக்குள் ரகசியம் ஒளித்த முதல் புரோகிராமர் வாரன் ராபினெட்" என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். அவருடைய அட்வெஞ்சர் என்ற வீடியோ கேம் வந்தது 1980இல். ஸ்டார்ஷிப் 1 என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரம் வந்தது 1977இல். அதில் பட்டன்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் "ஹாய் ரான்!" என்று திரையில் வரும், கூடவே காசில்லாமல் 10 ஆட்டம். ஒளித்தவர் ரான் மில்னர்.

சாம்பல்புள்ளி:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். "ஹாய் ரான்" வெளியே தெரிந்ததே 2017இல், கேம் துறைக்காரர் எட் ஃப்ரைஸ் எழுதிய பிறகு. 40 வருடம் யாருக்கும் தெரியாதது எப்படி முதல் ஆகும்? ராபினெட்டின் வேலையைப் பாருங்கள். அட்வெஞ்சரில் வரும் கறுப்புக் கோட்டைக்குள், பின்னணி நிறத்திலேயே ஒரே ஒரு புள்ளி. கண்ணுக்குத் தெரியாது, தடவித் தடவித்தான் எடுக்க வேண்டும். அதைத் தூக்கி வந்து வேறு பொருள்களோடு ஓர் அறையில் சேர்த்தால் சுவர்க்கோடு மினுங்கும், அப்படியே உள்ளே நுழைந்தால் அவர் பெயர். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து கேமை வெளியிட்ட அட்டாரி நிறுவனத்துக்கே கடிதம் போட்டான். ஈஸ்டர் எக் என்ற பெயரே அப்புறம்தான் வந்தது.

நாணயத்துளை:
ஜாதகத்தில் பிறந்த தேதியைத்தான் எழுதுவார்கள், ஊரார் வந்து பார்த்த தேதியை இல்லை. 1977.

பழையகார்ட்ரிட்ஜ்:
நடுவில் 1978இல் ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்த வீடியோ விஸ்பால் கேமிலும் எழுதியவரின் பெயர் இருக்கிறது. அதை ஏன் இருவரும் பேசவில்லை?

நாணயத்துளை:
அதுவும் 1977க்குப் பின்னால்தான்.

சாம்பல்புள்ளி:
மில்னர் ஒளித்தது வேடிக்கைக்கு. ராபினெட் ஒளித்தது கோபத்தில். அந்தக் காலத்தில் அட்டாரி, கேமை எழுதியவர் யார் பெயரையும் பெட்டியில் போடாது. அந்த வயிற்றெரிச்சலில்தான் 4 புரோகிராமர்கள் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இந்த வலி தெரியாமல் தேதியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

நாணயத்துளை:
வலியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். போன மாதம் பேக்-மேனின் 256ஆம் கட்டத்தில் பாதித் திரை சிதைவதை ரகசியம் என்று வாதாடியவர்தானே? அது 255க்கு மேல் எண்ண முடியாத 8 பிட் எண்ணி நிரம்பி வழிந்த பிழை. அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாம்பல்புள்ளி:
ரகசியம் "மாதிரி" என்றுதான் எழுதினேன். போய்ப் படியுங்கள்.

பழையகார்ட்ரிட்ஜ்:
முதலில் ஈஸ்டர் எக் என்றால் என்ன என்று முடிவு செய்யலாமே? பெயர் இருந்தால் போதுமா, யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டுமா?

நாணயத்துளை:
படித்துவிட்டேன். "மாதிரி" என்ற சொல்லே அங்கே இல்லை. அப்புறம் ஸ்டார்ஷிப் 1, 1977.