உக்கடத்தில் வாங்கிய மத்தியை வைத்து மரபணு வேறுபாடு பார்க்கலாமா?

நொய்யல்கரை:
கோவையில் எம்.எஸ்சி. பயோடெக் கடைசி வருஷம். மத்தி மீனில் கிழக்குக் கடற்கரைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் மரபணு வேறுபாடு உண்டா என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். கடற்கரைக்குப் போய்வர நேரமும் இல்லை, காசும் இல்லை. உக்கடம் மார்க்கெட்டில் கொச்சி மீன், ராமேஸ்வரம் மீன் என்று பிரித்துச் சொல்லித்தான் விற்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாமா? லேபில் ஆர்ஏபிடி பிரைமர் சும்மா கிடக்கிறது, அதிலேயே முடித்துவிடு என்கிறார் சீனியர். செய்தவர்கள் யாராவது சொல்லுங்க.

மஞ்சக்காடு:
ஆர்ஏபிடி வேண்டாங்க. டிஎன்ஏவில் எங்கே ஒட்டுகிறது என்றே தெரியாத பத்து எழுத்துப் பிரைமரை, அதாவது நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டைப் போட்டு ஜெல்லில் விழுகிற பட்டைகளை எண்ணுகிற வேலை அது. இன்றைக்கு வந்த பட்டை வேறு பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுக்கும்) மெஷினில் வராமல் போகும், அந்தத் துண்டு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிரதியா, இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியா என்றும் பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது, போதாததற்கு மீன் மேல் இருக்கும் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் சேர்ந்து பட்டை காட்டும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் வேகமாக மாறும் டி-லூப் பகுதியை சீக்வென்ஸ் செய்யுங்க, அதாவது அதன் எழுத்து வரிசையைப் படியுங்க. அது தாய்வழி மட்டும்தான் சொல்லும், அதனால் கையில் காசிருந்தால் கூடவே சில மைக்ரோசேட்டிலைட்டும் (இரு பெற்றோர் வழியையும் காட்டும், திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டுகள்) பாருங்க.

ஆழியாறு:
எந்த டிஎன்ஏ பகுதியைப் பார்ப்பது என்பது அப்புறம் தம்பி, முதலில் மீன் எங்கே பிடிபட்டது என்று உனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். லாரியில் பெட்டி மாறும், வியாபாரி ஐஸ் மாற்றும்போது இரண்டு ஊர் மீனும் ஒன்றாகக் கொட்டப்படும். ஆற்று மீனாக இருந்தால்கூட ஓரளவு சமாளிக்கலாம்: ஆழியாறு பாரதப்புழையில் சேருகிறது, நொய்யல் காவிரிக்குப் போகிறது, நடுவில் மீனுக்கு வழியே இல்லை, வேறுபாடு பளிச்சென்று தெரியும். கடல் மீனுக்கு அப்படி வேலி கிடையாது. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து போகும், தலைமுறைக்குக் கொஞ்சம் மீன் இடம் மாறினாலே இரண்டு கூட்டமும் கலந்துவிடும், கூட்டங்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டைக் காட்டும் எஃப்எஸ்டி எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். ஏற்கெனவே வித்தியாசம் அவ்வளவு நூலிழையாக இருக்கிற இடத்தில் நாலு மீன் ஊர் மாறிக் கலந்தால் உன் முடிவுக்கு என்ன மதிப்பு?

இறங்குதளத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால், படகிலிருந்து இறக்கியவுடன் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு அனுப்பச் சொல். இடத்துக்கு 30 மீனாவது வேண்டும். பார்மலினில் மட்டும் போட்டுவிட வேண்டாம், டிஎன்ஏ பாழ்.

அது முடியாதென்றால் கேள்வியை மாற்று. உக்கடத்தில் நெத்திலி என்று விற்பதில் எத்தனை இனம் இருக்கிறது என்று, இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ ஜீனை வைத்துப் பார். சுமார் 650 எழுத்து, ஒரே பிரைமர் ஜோடி, எந்தக் கடல் என்பது அங்கே பிரச்சினையே இல்லை.

நொய்யல்கரை:
நெத்திலி யோசனை நல்லா இருக்குங்கண்ணா. கருவாட்டிலும் எடுக்கலாமா? அதுதான் வீட்டுப் பக்கம் சந்தையிலேயே கிடைக்கும்.

மஞ்சக்காடு:
எடுக்கலாம். வெயிலில் காய்ந்ததில் டிஎன்ஏ துண்டுதுண்டாகியிருக்கும், முழு 650 வராமல் போகலாம், 150 எழுத்து அளவுக்குச் சின்னத் துண்டைப் பிடிக்கிற பிரைமரும் கையில் வைத்துக்கொள்ளுங்க. உப்பு பிசிஆரைக் கெடுக்கும், முதலில் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை மாற்றுங்க. தலையோடு இருக்கிற கருவாடாகப் பார்த்து வாங்கி, வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டுவிடுங்க, கைடு கட்டாயம் கேட்பார்.