கையடக்க முனையத்தின் அகச்சிவப்பு இணைப்பு பாதியில் அறுகிறது: உதவி தேவை

வணக்கம். இருப்புக் கணக்கெடுக்கப் பயன்படும் பழைய கையடக்க முனையம் ஒன்றிலிருந்து கோப்புகளைக் கணினிக்கு மாற்ற முடியாமல் பல நாட்களாகத் திணறி வருகிறேன்.

ஆர்எஸ்-232 கேபிள் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர் இணைப்பு) வழியாக, நொடிக்கு 9600 பிட் வேகம், 8 தரவு பிட், பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) இல்லை, 1 நிறுத்த பிட் என்று இரு பக்கமும் ஒரே மாதிரி அமைத்தால் சிறிய கோப்புகள் பிழையின்றி வருகின்றன. வேகத்தை 115200 ஆக உயர்த்தினால் எழுத்துகள் விடுபடுகின்றன. இதைத் தவிர்க்க, அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் முறை 17, 19 என்ற மதிப்புள்ள பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளாக எடுத்துக்கொள்வதால், என்னுடைய பைனரி கோப்புகளுக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன். அதே வேலையை இரு தனிக் கம்பிகள் வழியாகச் செய்யும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறைக்கு மாறும் முன், கேபிளில் அவ்விரு கம்பிகளும் உள்ளனவா என்பதை எவ்வாறு சோதிப்பது?

பெரிய சிக்கல் அகச்சிவப்பில்தான். ஐஆர்டிஏ (அகச்சிவப்பு வழித் தரவுப் பரிமாற்றத்துக்கான தரநிலை) இணைப்பு 9600 வேகத்தில் கருவியைக் கண்டறிந்து, பின்னரே இருபுறமும் ஒப்புக்கொள்ளும் வேகத்துக்கு மாறும். என் முனையம் கண்டறியப்படுகிறது. ஆனால் வேகம் மாற வேண்டிய கட்டத்தில், 20 செ.மீ. தொலைவில் நேருக்கு நேர் வைத்திருந்தும், தொடர்பு அறுந்துவிடுகிறது. கணினிப் பக்கத்தில் உச்ச வேகத்தை 9600 என்றே கட்டுப்படுத்தி இதைச் சரிசெய்தவர்கள் இருந்தால், எந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். பதிவுகளுக்கு வேறு நகல் இல்லாததால், முனையத்தை ரீசெட் செய்ய எனக்குத் துணிவில்லை.