துவேரோ மார்கேஸ் பற்றிக் குடும்பக் குழுவில்

கயல்விழி: பெரியப்பா, மத்ரித்தின் காஸ்தெயானா சாலையில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் துவேரோ மார்கேஸின் வெண்கலச் சிலையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இவர் யார் என்று சொல்லுங்கள்.

பெரியப்பா: மார்கேஸ் என்பது ஒரு பிரபுப் பட்டம், அம்மா. அவர் பெயர் மானுவேல் குத்தியேர்ரெஸ் தெ லா கொஞ்சா. ஸ்பெயினின் தளபதியாகவும் செனட் தலைவராகவும் இருந்த அவர், 1808-இல் இன்றைய அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் பிறந்தவர். அங்கே மன்னரின் ஆளுநராயிருந்த தந்தை, 1810-இல் புவெனஸ் அயர்ஸில் ஆட்சியைக் கைப்பற்றிய புரட்சிக் குழுவை ஏற்க மறுத்ததால், முன்னாள் வைஸ்ராய் லினியேர்ஸுடன் ஆகஸ்ட் 26 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது இரண்டு வயது.

சித்தி: கைக்குழந்தைகளோடு அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பார், அத்தான்!

பெரியப்பா: ஆமாம் அம்மா. குடும்பம் ஸ்பெயினுக்குப் போய்விட்டது. தம்பி ஹொசேயும் தளபதியாகி, கியூபாவை ஆண்டு, 1868 புரட்சியில் நாட்டைவிட்டு வெளியேறிய அரசி இசபெல்லாவின் கடைசிப் பிரதமரானார்.

அருண்: கலகக்காரர்களிடம் தந்தையைப் பறிகொடுத்த மானுவேல், 1841-இல் தாமே கலகத்தில் இறங்கியதாகப் படித்தேனே, பெரியப்பா?

பெரியப்பா: உண்மைதான், தம்பி. சிறுமியாக இருந்த அரசி இசபெல்லாவைக் கைக்கொள்வதற்காகக் கொஞ்சாவும் தோழர்களும் மத்ரித் அரண்மனைக்குள் புகுந்தபோது, படிக்கட்டில் நின்ற ஒரு சில காவலர்களே இரவு முழுவதும் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். தோழர் தியேகோ தெ லியோனுக்கு மரண தண்டனை கிடைத்தது, கொஞ்சா தப்பிவிட்டார். தேர்தலைவிடப் படைமுகாம்களே அரசுகளை மாற்றிய காலம் அது. தந்தையின் முடிவை அறிந்தவர் அந்த வழியைத் தேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தமே. 1847-இல் போர்ச்சுகல் உள்நாட்டுப் போரில் தலையிடச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியதற்காகத்தான், போர்த்தோ வழியே கடலில் கலக்கும் துவேரோ ஆற்றின் பெயரால் பட்டம் பெற்றார். ஆனால் அவருடைய பெருமையாக நான் கருதுவது, 1860-இல் மார்பெல்லாவுக்கு அருகே அவர் நிறுவிய சான் பேத்ரோ தெ அல்காந்தரா என்னும் வேளாண் குடியிருப்பைத்தான். வெளியூர்களிலிருந்து உழவர்களைக் குடியமர்த்தி, அணை கட்டி, கரும்பு பயிரிட்டு, நீராவி இயந்திரங்களையும் கொண்டுவந்து, சொந்தச் செல்வத்தை அந்த மண்ணில் கொட்டினார்.

கயல்விழி: அவருடைய முடிவு எப்படி, பெரியப்பா?

பெரியப்பா: இசபெல்லாவின் சித்தப்பா கார்லோஸின் வழியினரை அரியணையில் ஏற்றப் போரிட்டவர்கள் கார்லிஸ்டுகள். 1874 மே மாதம் அவர்களுடைய முற்றுகையிலிருந்து பில்பாவோ நகரை மீட்டார். ஜூன் 27 அன்று எஸ்தெய்யா அருகே மோந்தே முரு குன்றில், முன்வரிசைக்குச் சென்று நிலைமையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து குதிரையில் ஏற முயன்ற வேளையில் குண்டு பாய்ந்து இறந்தார். வெற்றிக்குப் பிறகு இசபெல்லாவின் மகன் அல்ஃபோன்சோவை மன்னராக அறிவிக்க எண்ணியிருந்தார். அதை டிசம்பரில் சகுந்தோ நகரில் செய்து முடித்தவர், கொஞ்சாவின் படையில் போரிட்ட மார்த்தினெஸ் கம்போஸ்.