ஜாம்பியாவுக்கு அடிபம்பு மெக்கானிக் வேண்டும்

வணக்கம். ஜாம்பியாவில் சிபாட்டா பக்கத்துக் கிராமங்களில் குடிநீர் வேலை பார்க்கிறேன். தன்னார்வலர் கேட்டால் இங்கிலீஷ் சொல்லித்தரத்தான் ஆள் வருகிறது; எங்களுக்கு வேண்டியது ஸ்பேனர் பிடித்த கை.

இங்கே நிறைய இடங்களில் நம் ஊர் இந்தியா மார்க் 2 அடிபம்புதான். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்து, தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது. ஜனங்கள் பழையபடி ஓடைக்கே போய்விடுகிறார்கள். பைப்பை மாற்றவும், பம்பைப் பிரித்துப் பூட்டவும் உள்ளூர்ப் பையன்களுக்குக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். மார்க் 2-க்கு அடுத்து வந்த மார்க் 3 மாதிரியைக் கோயம்புத்தூர் பக்கம்தானே 1980களில் சோதித்தார்கள்? அந்தக் காலத்து ஆட்கள், குடிநீர் வாரியத்தில் ஓய்வுபெற்றவர்கள் யாரையாவது தெரியுமா?

மே முதல் அக்டோபருக்குள் இரண்டு மாதம் போதும். நவம்பரில் மழை பிடித்தால் ரோடு சேறுதான். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. அப்புறம், சாப்பாடு என்றால் தினமும் மக்காச்சோளக் களி, முன்பே சொல்லிவிடுகிறேன்.